இளம் வீரருக்கு இப்போதே கையெழுத்தா? என்பிஏ விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்டோபர் பிறந்தால், கோலாலம்பூரில் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்கிற நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். "இந்தப் பையனுக்கு ஒப்பந்தத்த நீட்டிக்கணுமா, வேணாமா?" சண்டையில் பாதி, காற்பந்துக் கணக்கைக் கூடைப்பந்துக்குப் போடுவதால் வருவது.

"கடைசி வருசம்லா, இப்ப விட்டா சும்மா போயிருவான்." பிரிமியர் லீக்கில் இது சரி. என்பிஏ-வில் முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞருக்கு நான்காண்டு ஒப்பந்தம். மூன்று பருவம் முடிந்த கோடையில் நீட்டிப்புப் பேச்சு தொடங்கலாம். அக்டோபரில் புதிய பருவம் தொடங்கும்வரைதான் அவகாசம். அதற்குள் கையெழுத்தாகாவிட்டாலும் ஆள் கைநழுவிவிடுவதில்லை. நான்காம் ஆண்டு முடிந்ததும் அணி விதிப்படி ஓராண்டுச் சம்பளத்தை முன்வைத்தால் போதும். அதன்பிறகு வேறு அணி எவ்வளவு நீட்டினாலும் அதே தொகையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளலாம். 2022-ல் டிஆண்ட்ரே எய்ட்டனுக்கு இந்தியானா 4 ஆண்டுக்கு 133 மில்லியன் டாலர் காட்டியது. அவருடைய அணியான ஃபீனிக்ஸ் அதே விலையைக் கொடுத்து அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. அதனால் "நல்ல ஆட்டக்காரரா?" என்று கேட்டு நிறுத்திவிட்டால் பாதிக் கேள்விதான். இன்று கையெழுத்திட்டால் அணிக்கு என்ன மிச்சம், அடுத்த ஜூலைவரை பொறுத்தால் என்ன மிச்சம் என்பதுதான் மீதி.

பொறுப்பதை அவமானமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. காவாய் லெனர்ட் 2014 இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர். அந்த அக்டோபரில் சான் அன்டோனியோ அவருக்கு நீட்டிப்புத் தரவில்லை. பைத்தியக்காரத்தனமா? இல்லை. புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை அவர் பெயரில் சம்பள வரம்புக் கணக்கில் (அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் எல்லை) ஏறியிருந்தது ஏறத்தாழ 7 மில்லியன் டாலர்தான். கையெழுத்திட்டிருந்தால் அது 16 மில்லியனைத் தாண்டியிருக்கும். அந்த இடைவெளியின் உதவியோடு 2015 ஜூலையில் லமார்க்கஸ் ஆல்ட்ரிட்ஜை உள்ளே கொண்டுவந்தார்கள், லெனர்டுக்கும் விதி அனுமதிக்கும் உச்சத் தொகையைக் கொடுத்தார்கள். டைரீஸ் மேக்ஸி விஷயத்தில் ஃபிலடெல்ஃபியா செய்ததும் இதுதான்: 2023-ல் பொறுத்தது; 2024-ல் பால் ஜார்ஜும் வந்தார், மேக்ஸிக்கு 5 ஆண்டுக்கு 204 மில்லியனும் கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு "எப்பவும் பொறு" என்று கிளம்பிவிடாதீர்கள். இந்த வித்தை பலிப்பது, கோடையில் சம்பள வரம்புக்குள் இடம் வைத்திருக்கும் அணிக்குத்தான். ஏற்கெனவே வரம்பைத் தாண்டிய அணி பொறுத்தால் இடம் எதுவும் பிறக்காது. விலை ஏறும் அபாயம் மட்டும் மிஞ்சும். சிகாகோ 2014-ல் கொடுத்த தொகையை ஜிம்மி பட்லர் ஏற்கவில்லை, தன்மேலேயே பந்தயம் கட்டினார். 2015-ல் அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதை வாங்கிக்கொண்டு, 5 ஆண்டுக்கு 90 மில்லியனுக்கும் மேல் பெற்றார்.

தொகையைப் பார்த்து வாயைப் பிளப்பதும் நம்மிடம் அதிகம். பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடையில் யாராவது அதை வெள்ளிக்கு மாற்றிச் சொன்னால் போதும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வெள்ளியை விடுங்கள், விழுக்காட்டைப் பாருங்கள். ஸ்டெஃப் கரி 2012-ல் 4 ஆண்டுக்கு 44 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அன்றைய வரம்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 விழுக்காடு. வரம்பு 154.6 மில்லியனாக இருக்கும் 2025-26-ல் அதே பங்கு 29 மில்லியனைத் தொடும். இந்த வயதில் நீட்டிப்பின் முதலாண்டுச் சம்பளம் வழக்கமாக வரம்பில் 25 விழுக்காட்டோடு நிற்கும். பெரிய விருதுகள் பெற்றால் 30 வரை போகலாம்.

அதே கரி அப்போது கணுக்கால் காயத்தால் முந்தைய பருவத்தில் 26 ஆட்டங்களே ஆடியிருந்தார். அவ்வளவு கொடுத்தது தப்பு என்று அன்று சொன்னவர்கள் உண்டு. 2016-ல் கரியின் கோல்டன் ஸ்டேட் அணிக்குக் கெவின் டுரான்ட் வந்து சேர முடிந்ததற்கு அந்த மலிவான ஒப்பந்தமும் ஒரு காரணம். மைக்கேல் போர்ட்டர் ஜூனியர் கதை வேறு. 2021 செப்டம்பரில் உச்சத் தொகைக்குக் கையெழுத்து, அந்தப் பருவத்தில் 9 ஆட்டம், பிறகு முதுகு அறுவை சிகிச்சை. ஆனால் 2023-ல் டென்வர் கோப்பை வென்றபோது முதல் ஐவரில் அவரும் இருந்தார். காயத்தின் பெயரைக் கேட்டதும் தீர்ப்பெழுதிவிடக் கூடாது.

புள்ளிகளை மட்டும் எண்ணுவது நம் ஊரில் தப்பவே முடியாத பழக்கம். ஆட்டங்கள் நமக்குக் காலையில், வேலை நேரத்தில். எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு துணுக்குக் காட்சிகளைப் பார்க்கிறோம். அதில் கூடையில் விழுந்த பந்துகள் மட்டுமே வரும், தற்காப்பில் தூங்கியது வராது. ஆண்ட்ரூ விகின்ஸ் 2016-17-ல் ஆட்டத்துக்கு 23.6 புள்ளி எடுத்தார். மினசோட்டா 2017-ல் 5 ஆண்டுக்கு ஏறத்தாழ 148 மில்லியன் எழுதிக்கொடுத்தது. ஒப்பந்தம் பாதியைக்கூட எட்டாத 2020 பிப்ரவரியில் அவரைக் கைமாற்றிவிட்டது. 2022-ல் கோல்டன் ஸ்டேட் வென்றபோது அவர் பெயர் பெற்றது தற்காப்பாலும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டாலும்தான்.

சில மில்லியனுக்காக முறுக்கிக்கொள்ளலாமா என்பதற்கு எல்லாரும் இழுப்பது ஜேம்ஸ் ஹார்டனை. 2012 அக்டோபரில் ஒக்லஹோமா கொடுத்ததற்கும் அவர் கேட்டதற்கும் இடைவெளி சிறியதே. ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள், 2018-ல் அவர் லீகின் சிறந்த வீரரானார். அணியின் கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை நான் ஏற்கமாட்டேன். டுரான்ட், வெஸ்ட்புரூக், இபாக்கா மூவருக்கும் பெரிய ஒப்பந்தங்கள் ஏற்கெனவே இருந்தன. நான்காவதாக ஒன்று சேர்ந்தால், சம்பளச் செலவு மிகக் கூடும் அணிகள் லீகுக்குக் கட்டும் ஆடம்பர வரியும் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அந்த வரிக்குப் பயப்படும் அணி, ஹார்டனைப் போல முதல் ஐவரில் இல்லாமல் ஆறாவது ஆளாக இறங்கி ஆட்டத்துக்கு 16.8 புள்ளி எடுப்பவரை எங்கே தேடுவது என்பதையும் அதே மேசையில் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.