மர்ஃபி குடும்பத்தின் வேர் எந்த ஊரில்? தேடுவது இப்படி

அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் மர்ஃபி. அதனால்தான் தேடுகிறவர்கள் முதல் நாளே திணறிப்போகிறார்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலிருந்து இறங்கி வரப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. உங்களுக்குத் தெரிந்த மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போங்கள்.

ஏன் என்றால், இந்தப் பெயருக்கு மூலம் ஒன்றல்ல. ஐரிஷ் மொழியில் இது ‘ஓ முரஹூ’, கடல் வீரன் என்று பொருள்படும் பெயருடைய ஒருவரின் வழிவந்தவர். அந்தப் பெயர் பல இடங்களில் பலருக்கு இருந்தது. வெக்ஸ்ஃபோர்டில் ஒரு குடும்பம், வடக்கே அர்மா, டைரோன் பக்கம் மகன் என்று பொருள்படும் ‘மக்’ சேர்த்த வேறொரு குடும்பம். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னொட்டுகள் உதிர்ந்து எல்லாரும் மர்ஃபி ஆகிவிட்டார்கள்.

ஆகவே ஊர்தான் முக்கியம். கவுண்டி, அதாவது மாவட்டம், போதாது. டவுன்லேண்ட் என்கிற மிகச் சிறிய நிலப்பிரிவு வேண்டும். பேரில்தான் டவுன், பல இடங்களில் அது நாலைந்து பண்ணைகள்தான். 1845-52 பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். உங்கள் குடும்பம் அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போயிருந்தால் அங்குள்ள கல்லறைக் கல்லையும் மரண அறிவிப்பையும் முதலில் பாருங்கள், பிறந்த ஊர் அதில் இருக்கலாம்.

அப்புறம் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். வீட்டில் இருந்த ஒவ்வொருவரின் வயது, மதம், ஐரிஷ் பேசுவாரா என்பதுகூட இருக்கும். சிலர் படிவத்தை ஐரிஷிலேயே நிரப்பியிருக்கிறார்கள், அதனால் மர்ஃபி என்று மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. 1821 முதல் 1851 வரையிலானவை 1922இல் டப்ளினில் காப்பகம் எரிந்தபோது சாம்பலாயின. நினைத்தாலே மனசு ஆறவில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது கத்தோலிக்கத் திருச்சபைப் பதிவேடுகள். ஞானஸ்நானப் பதிவில் பெயர்கள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும், ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ். குழந்தையின் பெயரோடு நின்றுவிடாமல் ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா போன்ற சொந்தங்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது பரவலான வழக்கம், அது ஒரு தலைமுறை மேலே ஏற்றிவிடும்.

கடைசியாக, வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் மதிப்பிட்டு 1847-64இல் எடுத்த கிரிஃபித் மதிப்பீடு. நிலமோ வீடோ வைத்திருந்தவர் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு ஜான் மர்ஃபி இருந்தால் அடையாளத்துக்கு அப்பா பெயரையோ ‘சிவப்பு’ என்பது போன்ற பட்டப்பெயரையோ அடைப்புக்குறிக்குள் சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு சொல்தான் உங்கள் ஜானைக் காட்டிக்கொடுக்கும்.