ஜாஸ் கிளப்பில் முதல் இரவு: சோலோவுக்குள் வழி தவறாமல் கேட்பது எப்படி

ஜாஸ் கிளப்புக்கு முதல் தடவை போய் வந்தவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: ஆரம்பத்தில் ஒரு மெட்டு வந்தது, நடுவில் ஆளாளுக்கு ஏதோ வாசித்தார்கள், கடைசியில் அதே மெட்டு திரும்ப வந்தது. அந்த நடுவில்தான், அதாவது ஒவ்வொருவராகத் தனித்து வாசிக்கும் சோலோவில்தான், ஜாஸே இருக்கிறது. எனக்கும் வெகுநாள் பிடிபடாமல் இருந்த இடம் அது. அதனால் பதிவில் பாதி அதற்கே. மற்றதெல்லாம் சுருக்கமாக.

முதலில், எந்த இரவு என்று பாருங்கள். ட்ரியோ (மூவர் குழு) அல்லது குவார்டெட் (நால்வர் குழு) வாசிக்கும் நாள் நல்லது. பியானோ, பேஸ் (தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), டிரம்ஸ், கூடவே ஒரு சாக்ஸபோன் அல்லது டிரம்பெட் என்றால் யார் என்ன செய்கிறார் என்பதைக் கண்ணாலேயே தொடரலாம். ஜாம் செஷன் இரவு முதல் தடவைக்கு வேண்டாம். மேடையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பல கிளப்களில் ஒரு இரவுக்கு 2 செட், அதாவது இடைவேளை விட்டு 2 பகுதி, இருக்கும். டிக்கெட் ஒரு செட்டுக்கா, முழு இரவுக்கா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்குத்தான் என்றால் என் ஓட்டு இரண்டாவது செட்டுக்கு. அப்போது வாசிப்பவர்களுக்குக் கை நன்றாகச் சூடேறியிருக்கும்.

அடுத்தது இடம். மேடையைப் பார்த்தபடி உட்காரும்போது உங்கள் இடது பக்கம் இருந்தால், கிராண்ட் பியானோ வழக்கமாக நிற்கும் திசையில் வாசிப்பவரின் கைகள் தெரியும். டிரம்ஸில் இருக்கும் உலோகத் தட்டான சிம்பலுக்கு நேர் முன்னால் மட்டும் வேண்டாம். 100 டெசிபல் சத்தத்தில் 15 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் (NIOSH) அமைப்பின் பரிந்துரை. சின்ன அறையில் டிரம்ஸ் பக்கத்தில் அது எட்டக்கூடிய அளவுதான். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் இயர்பிளக்கை வாங்குங்கள். பஞ்சு மாதிரி இருக்கும் சாதாரண வகை உச்ச ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். தாளத்தைச் சொல்லும் ரைட் சிம்பலின் ஒலியே அங்கேதான் இருக்கிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

நிறைய ஜாஸ் பாட்டுகள் 32 பார் கொண்ட ஒரு சுற்று. 4 பீட், அதாவது 4 தாளத் தட்டு, ஒரு பார்; 8 பார் ஒரு பகுதி; 4 பகுதி சேர்ந்தால் ஒரு சுற்று. பகுதிகளின் வரிசை பெரும்பாலும் ஏ-ஏ-பி-ஏ. இதில் ‘பி’க்கு பிரிட்ஜ் என்று பெயர். முதல் சுற்றில் பாட்டின் மெட்டை வாசிப்பார்கள், அதுதான் ஹெட். அப்புறம் சோலோ தொடங்கும். மெட்டு காணாமல் போய்விடும், ஆனால் சுற்று போகாது. அதே 32 பார், அதே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), ஒரு சுற்று முடிந்ததும் அடுத்தது. சோலோ வாசிப்பவர் இஷ்டத்துக்கு அலைவதில்லை. அந்தச் சுற்றுக்குள் உட்கார்ந்துதான் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறார்.

இதைக் காதால் பிடிக்க எண்ணிக்கை மட்டும் போதாது. எண்களைப் பிடித்துக்கொண்டிருந்தால் இசை நழுவிவிடும். எனக்கு வேலை செய்த வழி இது: ஹெட் வாசிக்கும்போது மெட்டை, முக்கியமாக பிரிட்ஜை, மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். சோலோ தொடங்கியதும் அதே மெட்டை, அதே வேகத்தில், வாய் திறக்காமல் உள்ளுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். உங்கள் மனதில் பிரிட்ஜ் வரும் அதே நொடியில் மேடையில் கார்டுகள் நிறம் மாறுவது கேட்கும். முதல் தடவை அப்படிச் சேரும்போது உடம்பு சிலிர்க்கும். நிமிடத்துக்கு 160 பீட் வேகத்தில் ஒரு சுற்றுக்கு 48 நொடிதான். வழி தவறினாலும் அடுத்த சுற்று சீக்கிரமே வந்துவிடும்.

வேகத்துக்கு பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாக்கிங் பேஸ் பீட்டுக்கு ஒரு ஸ்வரம் என்று நடக்கும். காலால் தட்டுவதானால் 2, 4ஆம் பீட்டில் தட்டுங்கள். டிரம்மர் காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹாட்டும் பெரும்பாலும் அங்கேதான் மூடும்.

போவதற்கு முன் வீட்டில் பழக ஒரே ஒரு ஒலிப்பதிவு சொல்கிறேன்: மைல்ஸ் டேவிஸ் குழு 1959இல் பதிவு செய்த ‘சோ வாட்’. மெதுவான முன்னுரைக்குப் பிறகு பேஸ் மெட்டைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டு கார்டில் பதில் சொல்வார்கள். பிரிட்ஜ் வந்ததும் எல்லாமே பியானோவில் பக்கத்துக் கட்டைக்கு, அதாவது டி-யிலிருந்து ஈ ஃபிளாட்டுக்கு ஏறும். அதைத் தவறவிடவே முடியாது. பிறகு டிரம்பெட்டில் மைல்ஸ் 2 சுற்று, சாக்ஸபோனில் கோல்ட்ரேன் 2, இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி 2, பியானோவில் பில் எவன்ஸ் 1. உங்கள் எண்ணிக்கை இதோடு ஒத்துப்போனால் கிளப்புக்குத் தயார்.

கிளப்பில் கைகளையும் கவனியுங்கள். தலைவர் தன் தலையைத் தொட்டால் ஹெட்டுக்குத் திரும்பப் போகிறார்கள். 4 விரல் காட்டினால், சோலோ வாசிப்பவரும் டிரம்மரும் 4 பார், 4 பாராக மாற்றி மாற்றி வாசிக்கப் போகிறார்கள். அப்போதும் உள்ளே பாட்டு நிற்கக் கூடாது. சுற்று அங்கேயும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சோலோ முடிந்ததும் கைதட்டலாம், தட்டவும் வேண்டும். பேஸ் சோலோ வந்தால் மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள். மற்ற வாத்தியங்கள் ஒலியைக் குறைத்ததும் இடைவேளை என்று நினைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். பில் எவன்ஸ் ட்ரியோ 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்ததைக் கேட்டால், இசைக்கு நடுவே கண்ணாடிக் கோப்பைகளும் பேச்சுக்குரல்களும் கேட்கும். அன்று பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அந்த ஜூலை 6ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். அந்த அறையில் இருந்தவர்களுக்கு அந்த ட்ரியோவில் அவரைக் கேட்க இன்னொரு இரவு கிடைக்கவில்லை.

பாட்டின் பெயர் தெரிய ஷசாம் செயலியை நம்ப வேண்டாம். அது பதிவான ஒலியோடுதான் ஒப்பிடும். மேடையில் அப்போதே பிறப்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. செட் முடிந்ததும் வாசித்தவரையே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் போன சிலர் 32 வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒருவர் கேட்டது ப்ளூஸ். அதன் சுற்று வழக்கமாக 12 பார், பிரிட்ஜ் கிடையாது. இன்னொருவர் கேட்டது மெதுவான பாலட். அதில் ஒரு சுற்றே நீளம் என்பதால் இரண்டு பேர் பங்கு போடுவார்கள்: முதல் இரண்டு ஏ ஒருவருக்கு, பிரிட்ஜிலிருந்து இன்னொருவருக்கு. ஹெட்டுக்குத் திரும்பும்போதும் பல நேரம் முதலிலிருந்து தொடங்காமல் நேரே பிரிட்ஜில் இறங்குவார்கள். மெட்டு நடுவிலிருந்து கிளம்பியது போல் தோன்றினால், அது பெரும்பாலும் அந்த இடம்தான்.