பக்கவாதத்துக்குப் பிறகு: சட்டையிலிருந்து தொடங்கும் பயிற்சி

பக்கவாதம் வந்தவர் வீடு திரும்பியதும் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் வீட்டார் பொறுப்பாகிவிடுகிறது. பாசம்தான், ஆனால் வேலை கொடுக்காத கை பழகாது. அந்த அன்றாட வேலைகளையே பயிற்சியாக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியதும் இந்த நம்பிக்கையில்தான்.

முதலில் சட்டை. ஒரு அளவு பெரிய, முன்பக்கம் பொத்தான் வைத்த காட்டன் சட்டையாக எடுங்கள். ஆடாத நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படிய உட்காரட்டும். சட்டையின் உள்பக்கம் மேலே தெரிய மடியில் விரித்து, பலமில்லாத கைக்கான ஸ்லீவை முழங்கால்களுக்கு நடுவே தொங்கவிட வேண்டும். முன்னால் குனிந்தால் அந்தக் கை தானாக உள்ளே இறங்கும். நல்ல கையால் துணியை முழங்கைக்கு மேலே, தோள் வரை ஏற்றுவது முக்கியம். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்: பாதியில் விட்டால் முதுகுப் பக்கம் சட்டை இறுகிக்கொள்ளும். பிறகு காலரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி, நல்ல கையை நுழைக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப் பொத்தானில் தொடங்கினால் மாறிப்போகாது. கழற்றும்போது நல்ல கை முதலில். வேலூர் சித்திரை வெயிலில் வியர்வைக்குத் துணி ஒட்டும். உடம்பைத் துடைத்த பிறகே ஆரம்பியுங்கள்.

உதவும்போது பலமில்லாத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தசை தளர்ந்த தோள்மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலிக்கும்.

சாப்பாட்டுக்கு விளிம்பு உயர்ந்த தட்டு. நகராமலிருக்க அடியில் ஈரத்துணி. ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடி நழுவாது. ரசம் சாதத்தைவிடக் கேழ்வரகுக் களி பழகச் சுலபம். வலது கை விழுந்தவர் இடது கையால் சாப்பிடக் கூசுவார். வீட்டில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. விழுங்கும்போது இருமல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

வெந்நீரின் சூட்டை நல்ல கையால்தான் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பக்கம் வெந்தாலும் தெரியாது. குளியலறை நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள்.

சட்டை போட இருபது நிமிடம் ஆகிறதா? காலையில் இருபது நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். நீங்கள் போட்டுவிடாதீர்கள்.