நட்ட பிறகு ஆகும் செலவு: இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் நிதி திரட்டும் முறை

மரக்கன்று நடப் பணம் கேட்டால் தருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நட்ட கன்றுக்கு மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றவும், கால்நடைகள் மேயாமல் வேலி கட்டவும், பட்டுப்போன குழிகளில் மறுநடவு செய்யவும் கேட்டால் அவர்களில் பலர் தயங்குகிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை நடத்துகிறவர்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே இந்தச் சிக்கலை உணர்ந்துவிடுவார்கள். பிலிப்பைன்ஸ் கடற்கரைகளில் பெரும் பொருட்செலவில் நடப்பட்ட அலையாத்திக் கன்றுகளில் நிலைத்துப் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்று 2008இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பொருந்தாத இனத்தைப் பொருந்தாத இடத்தில் நட்டதே அதற்கு முதன்மைக் காரணம். எத்தனை கன்று நட்டோம் என்ற எண்ணிக்கைக்கு மட்டுமே நிதி வருமானால், எங்கே நடக்கூடாது என்று ஆராய்வதற்கும் நட்டதைக் காப்பதற்கும் எந்த அமைப்பாலும் ஆள் வைக்க முடியாது. ஆகவே நிதி திரட்டல் என்பதை, காக்கும் வேலைக்குப் பணம் கேட்கக் கற்றுக்கொள்வது என்றே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் துறைக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. மருத்துவ உதவி பெற்றவர் நன்றி சொல்வார். படிப்புதவி பெற்ற மாணவி கடிதம் எழுதுவாள். சதுப்புநிலம் யாருக்கும் கடிதம் எழுதாது. அமெரிக்காவில் ஓராண்டில் வழங்கப்படும் மொத்த நன்கொடையில் சூழலுக்கும் விலங்குநலத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே செல்கிறது. சதுப்புநிலத்தின் சார்பில் அந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பு அமைப்பினுடையது. நிதி திரட்டும் வேலையில் பாதி அதுதான்.

முதலில் முழுச் செலவைக் கணக்கிடுங்கள்

கேட்பதற்கு முன்னால் எவ்வளவு வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பல அமைப்புகள் இங்கேயே சறுக்குகின்றன. ஓர் ஏரியிலிருந்து ஆகாயத்தாமரையை அகற்றும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதலாண்டு இயந்திர வாடகை, கூலி, அள்ளிய செடியை ஏற்றிச்சென்று மக்கவைக்கும் செலவு ஆகியவற்றைப் போட்டு ஒரு தொகை எழுதுவார்கள். ஆனால் அந்தச் செடி சாதகமான சூழலில் இரண்டு வாரங்களில் இருமடங்காகப் பெருகக்கூடியது. அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் முளைப்புத்திறனோடு கிடக்கும். இரண்டாம் ஆண்டு முதல் மாதந்தோறும் கரையோரமாகச் சுற்றிவந்து புதிதாக முளைத்தவற்றைப் பிடுங்க ஆள் இல்லையென்றால், முதலாண்டில் செலவழித்தது முழுவதும் தண்ணீரோடு போகும். எனவே ஒரு ஹெக்டேருக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு என்று கணக்கிடுங்கள். முதலாண்டுச் செலவு எவ்வளவு, பின்வரும் நான்கு ஆண்டுகளின் பராமரிப்புச் செலவு எவ்வளவு என்று தனித்தனியே எழுதினால், காக்கும் வேலைக்கு ஒரு தொகை இருக்கிறது என்பதே கொடுப்பவருக்கு அப்போதுதான் முதன்முறையாகத் தெரியவரும்.

அதே கணக்கில் களப்பணியாளரின் சம்பளம், அலுவலக வாடகை, பயணம், கணக்குத் தணிக்கை, காப்பீடு ஆகியவற்றில் அந்தத் திட்டத்துக்கு உரிய பங்கையும் சேருங்கள். நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டினால் நன்மதிப்பு கூடும் என்று எண்ணி அதை மறைக்கிற அமைப்புகள், அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தம் பணியாளர்களுக்குக் குறைந்த ஊதியம் கொடுத்து, இரண்டு ஆண்டுகளில் அவர்களை இழந்துவிடுகின்றன. காட்டின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்த ஒருவர் விலகிப்போவதால் ஏற்படும் இழப்பு எந்த வரவுசெலவுப் பட்டியலிலும் ஏறாது. இவற்றோடு, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு ஈடான கையிருப்பு ஒன்றைச் சேர்ப்பதையும் ஆண்டுத் திட்டத்திலேயே ஓர் இலக்காக வையுங்கள்.

எதைக் காட்டிக் கேட்பது

எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து இறக்கும் வலசைப் பறவைகளைக் காக்க, குட்டைகளின் மேல் வலை கட்ட எவ்வளவு தருவீர்கள் என்று அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் மூன்று குழுக்களிடம் கேட்டார்கள். ஒரு குழுவிடம் 2,000 பறவைகள் காப்பாற்றப்படும் என்றும், அடுத்த குழுவிடம் 20,000 என்றும், மூன்றாவது குழுவிடம் 2,00,000 என்றும் சொன்னார்கள். அவர்கள் தருவதாகச் சொன்ன தொகையின் சராசரி முறையே 80, 78, 88 டாலர். பறவைகளின் எண்ணிக்கை நூறு மடங்கானபோதும் தொகை ஏறக்குறைய அசையவே இல்லை. கொடுப்பவர் மனத்தில் எழுந்தது ஓர் எண் அன்று; எண்ணெயில் நனைந்து சிறகு விரிக்க முடியாத ஒரு பறவையின் உருவம் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். வேண்டுகோள் எழுதும்போது இதை மறவாதீர்கள். அழிந்த காட்டின் பரப்பை லட்சக்கணக்கில் அடுக்குவதைவிட, ஓரிடத்தை, ஓர் உயிரை, ஒரு வேலையைக் காட்டுவது பயன்தரும்.

உலக வனவிலங்கு நிதியம் 1961இல் பாண்டாவைச் சின்னமாகத் தேர்ந்ததில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலே எடுப்பாக இருக்கும், அச்சுச் செலவும் மிச்சம் என்ற கணக்கும் இருந்தது. இவ்வாறு ஒரு விலங்கை முன்னிறுத்துவது நல்ல வழியே. ஆனால் அந்த விலங்குக்கு என்று வாங்கிய பணத்தை வேறு உயிரினத்துக்குச் செலவிடுவது நம்பிக்கை மோசடியாகிவிடும் என்பதால், “இந்தப் பறவை வாழும் நாணற்காட்டையும் அதன் நீரையும் காக்க” என்று வேண்டுகோளிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பிற்பாடு உங்களுக்குப் பெரும் சுதந்திரம் தரும்.

இடத்தைக் காட்டிக் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று கோஸ்டாரிகாவின் மான்டெவெர்டேயில் இருக்கிறது. 1987இல் சுவீடனின் ஒரு சிறிய பள்ளிக் குழந்தைகள் மழைக்காடுகளைப் பற்றிப் படித்துவிட்டு, கொஞ்சம் காட்டையாவது வாங்கிக் காக்க வேண்டும் என்று பணம் சேர்க்கத் தொடங்கினார்கள். முதலில் அவர்களால் வாங்க முடிந்தது சுமார் 6 ஹெக்டேர். பின்னர் 44 நாடுகளின் குழந்தைகள் சேர்ந்துகொள்ள, குழந்தைகளின் நிரந்தர மழைக்காடு என்று பெயர் பெற்ற அந்தக் காப்பகம் இன்று 22,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கிறது. அந்தக் குழந்தைகள் உலகத்தின் மழைக்காடுகளையெல்லாம் காப்பதாகச் சொல்லிக் கேட்கவில்லை. கொடுத்த காசுக்கு எத்தனை மரங்கள் நிற்கும் என்று ஒரு குழந்தையால் எண்ணிப் பார்க்க முடிந்தது.

பராமரிப்புக்கும் இதே முறையில் கேட்கலாம். மாதந்தோறும் தருபவர்களுக்கு நான் எழுதிப் பழகிய கடிதத்தின் நடை இது: “சென்ற மாதம் சுத்தம் செய்த வடகரையில் ஒரு வகுப்பறை அளவு இடத்தில் ஆகாயத்தாமரை மறுபடி தலைகாட்டியிருக்கிறது. இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் இடுப்பளவு நீரில் நின்று அதை வேரோடு எடுத்தார்கள். அந்த ஒரு நாள் கூலி உங்கள் நன்கொடையிலிருந்து கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் தென்கரை.” இவ்வளவுதான். ஒரு புகைப்படம், நான்கு வரி. அந்த ஒரு நாள் வேலையே கொடுப்பவரின் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடுகிறது.

யாரிடம், எந்த வரிசையில்

அமைப்பின் நிர்வாகக் குழுவினர் முதலில் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம்; ஆனால் குழுவினர் எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாத அமைப்பு, வெளியாரிடம் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். அடுத்து, ஏற்கெனவே உங்களோடு பறவை பார்க்க வந்தவர்கள், கடற்கரை சுத்தம் செய்ய வந்தவர்கள், ஒருமுறையாவது கொடுத்தவர்கள். புதியவர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதைவிட இவர்களைத் தக்கவைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முதல் நன்கொடை வந்த இரண்டு நாட்களுக்குள் ரசீதோடு நன்றியும் போய்ச்சேர வேண்டும்; முடிந்தால் களத்தில் வேலை செய்பவரே தொலைபேசியில் அழைத்து நன்றி சொல்லட்டும். அந்த அழைப்பில் மறுபடியும் பணம் கேட்கக் கூடாது.

பராமரிப்புக்கு ஏற்ற பணம் மாதாந்திர நன்கொடைதான். திட்ட நிதி வரும், முடியும். மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாக வந்துசேரும் சிறு தொகை வெள்ளத்திலும் வறட்சியிலும் வந்துகொண்டிருக்கும். அதை எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம் என்பது இன்னொரு வலிமை. நூறு மாதாந்திர நன்கொடையாளர்களைச் சேர்ப்பது ஒரு பெரிய நல்கையை (நிதியங்கள் திட்டத்துக்குத் தரும் உதவித்தொகையை) வெல்வதைவிட மெதுவாக நடக்கும் வேலை என்றாலும், சிறிய அமைப்பு எதற்கு முதலில் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டால் இதற்கே என்று தயங்காமல் சொல்வேன். ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள், ஏப்ரல் 22 புவி நாள் போன்ற நாட்களில் நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால், ஒருமுறை உண்டியல் ஏந்துவதைவிட மாதாந்திர நன்கொடைப் படிவத்தில் பத்துப் பேரைக் கையெழுத்திடச் செய்வதையே இலக்காக வையுங்கள்.

வசதியுள்ளவர்களைத் தனியே, நேரில் சந்தியுங்கள். முதலில் களத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்களிடம் மொத்தத் தொகையைக் கேட்பதைவிட, “நாங்கள் திரட்டும் அளவுக்குச் சமமான தொகையை நீங்கள் தருவீர்களா?” என்று கேட்டால் அதே பணம் பிறரையும் கொடுக்கத் தூண்டும். உயில் வழியாகக் கொடை எழுதும் வாய்ப்பையும் மூத்த ஆதரவாளர்களுக்கு அடக்கமாகத் தெரிவியுங்கள். தாம் மறைந்த பிறகும் ஒரு காடு நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

நல்கை வழங்கும் நிதியங்களில் சிறிய அமைப்புகளுக்கு உகந்தவை சில. வளரும் நாடுகளின் சூழல் பணிகளுக்கு நிதி தரும் பன்னாட்டு அமைப்பான உலகச் சூழல் வசதியத்தின் (GEF) சிறுநல்கைத் திட்டம் 1992இல் தொடங்கி, உள்ளூர் அமைப்புகளுக்கு நீண்ட காலம் 50,000 டாலர் வரை என்ற அளவில் வழங்கிவந்திருக்கிறது. முகமது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் குறிப்பிட்ட ஓர் உயிரினத்துக்கான பணிக்கு 25,000 டாலர் வரை தருகிறது. விண்ணப்பிக்கும் முன் அவர்கள் இதுவரை யாருக்கு, எதற்குத் தந்திருக்கிறார்கள் என்று படியுங்கள். திட்ட அலுவலர் இருந்தால் ஒரு பக்கச் சுருக்கத்தை அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். நல்கை கிடைக்கும் என்பதற்காக ஆமைகளோடு வேலை செய்யும் அமைப்பு திடீரென்று சூரிய மின்சாரத்துக்குத் தாவுவதை நான் பார்த்திருக்கிறேன். பணம் தீர்ந்தபோது இரண்டு வேலையும் நின்றுபோயிருந்தன.

நிறுவனங்களிடம் வாங்குவதா வேண்டாமா என்பதை, காசோலை மேசைக்கு வருவதற்கு முன்பே எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். கிரீன்பீஸ் என்ற பன்னாட்டுச் சூழல் அமைப்பு அரசுகளிடமும் நிறுவனங்களிடமும் பணம் வாங்குவதில்லை. உலக வனவிலங்கு நிதியம் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்கிறது. இரண்டும் நேர்மையான வழிகளே. வழி எதுவென்று முன்கூட்டியே தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. எந்தத் தொழில்களிடம் வாங்க மாட்டோம், யார் பெயர்ப்பலகை எங்கே வைக்கப்படும், அந்த நிறுவனம் தவறு செய்தால் வெளிப்படையாகக் கண்டிக்கும் உரிமை நமக்கு இருக்குமா என்ற மூன்றுக்கும் விடை எழுதி, குழுவின் ஒப்புதலோடு வெளியிடுங்கள். விற்பனையில் ஒரு விழுக்காட்டைச் சூழல் பணிக்கு ஒதுக்க உறுதியேற்கும் நிறுவனங்களை இணைக்கும் ‘பூமிக்கு ஒரு விழுக்காடு’ அமைப்பு 2002 முதல் இயங்குகிறது. அத்தகைய ஏற்பாடுகள் விளம்பரத்துக்காக வரும் ஒருமுறை நன்கொடையைவிட நம்பகமானவை.

இயற்கையால் பயன்பெறுகிறவர் யார்

ஒரு நாட்டின் கடனைத் தள்ளுபடி செய்து அதற்கு ஈடாக இயற்கையைக் காக்கும் ஒப்பந்தங்கள் 1987இல் பொலிவியாவில் தொடங்கி, செஷல்ஸ், பெலீஸ் வரை வந்திருக்கின்றன. அவை அரசுகளும் பெரிய அமைப்புகளும் நடத்துபவை. சிறிய அமைப்புக்கு எட்டாதவை. ஆனால் ஈக்வடோரின் தலைநகர் கீட்டோவில் 2000இல் நிறுவப்பட்ட நீர் நிதியத்தின் அடிப்படை எவருக்கும் பயன்படும். நகரத்தின் குடிநீர் மலைப்புல்வெளிகளிலிருந்து வருகிறது. அவற்றைக் காப்பதால் பயன்பெறுவது குடிநீர் நிறுவனம். எனவே காக்கும் செலவில் அதற்கும் பங்குண்டு. அந்நிறுவனம் தன் வருவாயில் 2 விழுக்காட்டை நிதியத்துக்கு அளிக்கிறது. மூலதனத்தை அறக்கட்டளையாக வைத்து, அதன் வருமானத்தைப் பாதுகாப்புப் பணிக்குச் செலவிடுகிறார்கள்.

நீங்கள் காக்கும் இடத்தின் வரைபடத்தை விரித்து, அதன் கீழ்ப்பாங்கில் யார் நீர் எடுக்கிறார்கள், யாருடைய வயலுக்கு அங்கிருந்து தேனீ வருகிறது, யாருடைய விடுதிக்கு அந்தக் காட்டைப் பார்க்கத்தான் விருந்தினர் வருகிறார்கள் என்று குறித்துப் பாருங்கள். அவர்களிடம் கேட்பது நன்கொடை அன்று, பராமரிப்புக் கட்டணம். சிறிய தொகையானாலும் பல ஆண்டு ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்குச் சொல்வது

பணம் கொடுத்தவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது அறிக்கை போக வேண்டும். நட்ட எண்ணிக்கையோடு பிழைத்த எண்ணிக்கையையும் போடுங்கள். ஒரே இடத்தில் ஒரு கல்லை அடையாளமாக நட்டு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில், அந்தக் கல்லின் மேல் நின்று, ஒரே திசையில் படம் எடுங்கள். ஐந்தாம் ஆண்டில் அந்த ஐந்து படங்களையும் வரிசையாக வைத்தால் வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது. தோல்வியையும் எழுதுங்கள். ஓர் ஆண்டு வெள்ளத்தில் கரை உடைந்து நாங்கள் நட்ட நாணலில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டபோது, எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் விவாதித்துவிட்டு, என்ன நடந்தது, கரையை எங்கே உயர்த்தத் தவறினோம், மறுநடவுக்கு எவ்வளவு ஆகும் என்று உள்ளபடியே எழுதினோம். மாதாந்திர நன்கொடையை நிறுத்தியவர்கள் இரண்டு பேர். மற்றவர்களிடமிருந்து வந்த பதில்களில் அதிகம் கேட்கப்பட்டது, மறுநடவு எந்தத் தேதியில், தாங்களும் வரலாமா என்பதுதான்.