பேரூராட்சிப் பதிவறையிலிருந்து பழைய தீர்மானத்தின் நகலை வாங்குவது எப்படி?

தென்னந்தோப்புகளுக்கு நடுவே வளைந்து போகும் நடைவழி ஊருக்குப் பொதுவா, பக்கத்துப் புரயிடத்துக்காரருக்கு (தோட்டத்துக்காரருக்கு) சொந்தமா என்ற தகராறு இல்லாத ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் அரிது. பேரூராட்சி எப்போதோ அந்த வழிக்குக் கான்கிரீட் போட்டிருந்தால், அதற்கு ஒரு மன்றத் தீர்மானம் இருந்தாக வேண்டும். அந்தத் தீர்மானத்தைத் தேடி எடுப்பதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, உள்ளாட்சி அலுவலகங்கள் ஆவணங்களை எப்படி வைத்திருக்கின்றன, நாம் எப்படிக் கேட்டால் கிடைக்கும் என்பதை முதன்முறை கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாம் ஓர் ஆவணத்தை அதன் கதையை வைத்து நினைவில் கொள்கிறோம். அலுவலகமோ அதை எண்ணையும் ஆண்டையும் வைத்து அடுக்குகிறது. நான் எழுதிய முதல் மனுவில் ‘எங்கள் தெரு தொடர்பான அனைத்து ஆவணங்களையும் தரவும்’ என்று கேட்டிருந்தேன். கோரப்பட்ட தகவல் குறிப்பாக இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று எரிச்சலாக இருந்தது. பின்னாளில் பதிவறையைக் கண்ணால் பார்த்தபோது, அந்த எழுத்தரின் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன் என்று தோன்றியது.

முதல் படி: ஆவணம் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது?

உள்ளாட்சிகள் தரம் உயரும்போதும் இணையும்போதும் அவற்றின் பதிவேடுகளும் இடம் மாறுகின்றன. நாகர்கோவில் 2019இல் மாநகராட்சி ஆனது. ஆளூர், தெங்கம்புதூர் பேரூராட்சிகள் பிறகு அதனுடன் சேர்ந்தன. ஏழுதேசமும் கொல்லங்கோடும் இணைந்து கொல்லங்கோடு நகராட்சி ஆயின. ஆகவே பழைய ஏழுதேசம் பேரூராட்சியின் தீர்மானத்தை இன்று நகராட்சியிடம்தான் கேட்க வேண்டும். முகவரி தவறிவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, மனு சென்ற அலுவலகமே அதை 5 நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஆவணத்தின் அலுவலகப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே வேலை மூன்று இடங்களில் பதிவாகியிருக்கும். மன்றம் எடுத்த முடிவு தீர்மானப் புத்தகத்தில், கூட்ட நாளுடனும் தீர்மான எண்ணுடனும் இருக்கும். அந்த முடிவுக்கு முன்னும் பின்னும் நடந்த கடிதப் போக்குவரத்து ஒரு கோப்பில் இருக்கும். வேலை முடிந்தபின் அந்த வழி சாலைகளுக்கான பதிவேட்டில் ஏறியிருக்கும். வீட்டு வரி பற்றியதென்றால் கேட்புப் பதிவேடும் (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்ற பதிவேடு) உங்கள் வரிவிதிப்பு எண்ணும் போதும்.

கோப்பைக் கண்டுபிடிக்க உதவுவது ந.க. எண், அதாவது அலுவலகம் அதற்கு இட்ட அடையாள எண். பழைய கடிதம் ஏதாவது கையில் இருந்தால் அதன் தலைப்பில் ‘ந.க.எண். 412/2009/அ2’ என்பது போல ஒன்று இருக்கும். 412 வரிசை எண், 2009 ஆண்டு, அ2 என்பது அக்கோப்பைக் கவனித்த இருக்கை. உங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு துண்டுக் கடிதம் பதிவறை எழுத்தரின் அரை நாள் தேடலை மிச்சப்படுத்தும். முடிந்த கோப்பின் அட்டையில் மூ.மு., ப.மு., நி.மு. போன்ற சுருக்கங்களுள் ஒன்று எழுதப்பட்டிருக்கும். மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிரந்தர முடிவு என்பவை அவை. கோப்பை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை இதுவே சொல்கிறது. எனவே 2009ஆம் ஆண்டுக் கோப்பு விதிப்படியே அழிக்கப்பட்டிருக்கலாம். தீர்மானப் புத்தகம் அப்படி அழிக்கப்படுவதில்லை என்பதால், முதலில் அதைக் கேட்பதே நல்லது.

2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் தொடக்கம் வரை பேரூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. அரசு நியமித்த தனி அலுவலரே முடிவுகளை எடுத்தார். அந்த ஆண்டுகளுக்கு ‘மன்றத் தீர்மானம்’ என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் வரக்கூடும். ‘தனி அலுவலரின் தீர்மானம் அல்லது நடவடிக்கைக் குறிப்பு’ என்று சேர்த்தே எழுதுங்கள்.

1956 நவம்பர் 1க்கு முந்தைய ஆவணம் என்றால் அது திருவிதாங்கூர் அல்லது திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிக் காலத்தது. எழுத்து மலையாளமாகவும், ஆண்டு கொல்லம் ஆண்டாகவும் இருக்கலாம். ஆங்கில ஆண்டை அறிய, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும், அதற்குப் பிந்தைய மாதங்களுக்கு 825ஐயும் கூட்டுங்கள்: 1120 மேடம் (சித்திரை) என்பது 1945 ஏப்ரல்–மே.

மூன்றாம் படி: நகல் கேட்பதற்கு முன் நேரில் பாருங்கள்

பலர் தவறவிடும் படி இது.  ‘ஆவணங்களை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்க அனுமதிக்கவும்’ என்று எழுதினால் போதும். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. சுவரோடு ஒட்டிய அலமாரியில் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டிய கட்டுகள், ஈரம் ஏறி ஓரங்களில் பழுப்பு வளையம் விட்டிருக்கும். சில கட்டுகளைத் தூக்கினால் அடியில் செல்லரித்த தூள் கொட்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துவதும், கட்டுகளைத் தளர்த்தி ஆண்டுக்கு இருமுறையேனும் காற்றாட வைப்பதும் செலவில்லாத பாதுகாப்பு. நனைந்த தாளை வெயிலில் போடக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே மை ஒற்றும் தாள் வைத்து உலர்த்த வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் பூஞ்சை பிடித்துவிடும். கிழிந்த பக்கத்துக்குப் பிளாஸ்டிக் லேமினேஷன் செய்வதும் செல்லோடேப் ஒட்டுவதும் நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல்கள். நீங்களும் விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள்; குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுபோங்கள்.

ஆவணங்களை வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆவது பிரிவே சொல்கிறது. ஆனாலும் நான் பார்த்த இடத்தில் அட்டவணை பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்தரின் நினைவில்தான் இருந்தது.

நான்காம் படி: மனு

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. வாசகம் இப்படி இருக்கலாம்:

“2008 ஏப்ரல் முதல் 2010 மார்ச் வரை நடைபெற்ற மன்றக் கூட்டங்களின் தீர்மானப் புத்தகத்தில், 7ஆவது வார்டு நடைவழியைக் கான்கிரீட் தளமாக்குவது குறித்த தீர்மானத்தின் சான்றிட்ட நகலை வழங்கவும். கோப்பு அழிக்கப்பட்டிருப்பின், அழிப்புக்கான ஆணையின் நகலை வழங்கவும்.”

இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்பதும் ‘விதிப்படி அழிக்கப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல.

பதிலுக்கு 30 நாள் கெடு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். கெடு தாண்டிவிட்டால் நகலை இலவசமாகவே தர வேண்டும். மற்றவரின் சொந்த விவரம் கலந்திருந்தால் அப்பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர 10ஆவது பிரிவு இடமளிக்கிறது. முழுவதையும் மறுக்க அது காரணமாகாது. மறுப்பு வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கிராம ஊராட்சியில் வாழ்பவர்களுக்கு இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படும்போதே கேட்டு, கேள்வியைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். இவற்றுள் கடைசி நாள் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் ஆகும்.

நகல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் ‘உண்மை நகல்’ முத்திரை, கையொப்பம், தேதி ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று அலுவலகத்திலேயே நின்று பாருங்கள். தீர்மானத்தின் பின்பக்கத்தில் தலைவரின் கையொப்பம் இருக்கக்கூடும் என்பதால், அந்தப் பக்கமும் நகலெடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் படியிறங்குங்கள்.