பையன் படுக்கையை நனைப்பதற்கு நோட்டு போட்டோம்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில், ஏழு வயசுப் பையன் ராத்திரி படுக்கையை நனைப்பதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எங்கம்மா மட்டும், "உடு கண்ணு, உன்ற தம்பியும் இப்படித்தான் இருந்தான்" என்றார். டாக்டர் முதலில் குறித்துக்கொண்டதே அதைத்தான்; இது குடும்பவழியில் வருமாம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை, சர்க்கரை இல்லை. முதுகையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். மலச்சிக்கல் உண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். தேங்கிய மலம் மூத்திரப்பையை அழுத்துமாம். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும் சீட்டில் எஃப் 98.0 என்று நோய்க் குறியீடு எழுதினார். 5 வயது தாண்டி, வாரம் 2 முறையாவது, தொடர்ந்து 3 மாதம் நனைத்தால் போடுகிற குறியீடு அது.

அப்புறம் நோட்டு. எப்போது என்ன குடித்தான், எத்தனை மில்லி போனான் (பழைய அளவு டம்ளரில் பிடித்தோம், அவனுக்கு ஒரே குஷி), காலையில் ஈரமா காய்ந்ததா என்று எழுதினோம். பள்ளிக்கூட நேரத்துக் கட்டமெல்லாம் காலி! கக்கூஸ் நாறுகிறதென்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வந்து சொம்பு சொம்பாகக் குடித்திருக்கிறான். டீச்சரிடம் சொல்லிப் பகலிலேயே குடிக்க வைத்தோம். ராத்திரி டீயை நிறுத்தினோம்.

பாதி குறைந்தது. மீதிக்கு ஈரம் பட்டால் அலறுகிற அலாரம். முதலில் அவனைத் தவிர வீடே எழுந்தது. நாங்கள்தான் எழுப்பிக் கூட்டிப்போனோம். தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்தால் கழற்றலாம் என்றார் டாக்டர். கழற்றியாச்சு. இப்போது அது நாத்தனார் வீட்டில் அலறுகிறது.