கொரியாவுக்குப் புதிதா? முதலில் நாள்காட்டியில் சிவப்பு எங்கே என்று பாருங்கள்

நான் கொரியாவில் வந்து இறங்கியது ஒரு செப்டம்பர் மாதம். இரண்டாவது வாரமே லேப்பில் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். "சுசொக் வருகிறது, நீயும் நன்றாகக் கொண்டாடு" என்று சொல்லிவிட்டு என் சீனியரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பண்டிகை என்றால் தெருவில் ஒரு மேளச் சத்தமாவது கேட்காதா? காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஒரு பூனை நின்றது. மார்ட்டில் ஷட்டர் இறங்கியிருந்தது. அறையில் அரை கிலோ ரவை இருந்தது, எண்ணெய் இல்லை. அந்த மூன்று நாளும் 24 மணி நேரக் கடையின் முக்கோணக் கிம்பாப்பும் (கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு) கப் நூடுல்ஸும்தான் சாப்பாடு.

ஒரு வார்த்தை தெரியாததால் வந்த வினை அது. கொரியர்கள் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மியொங்ஜொல் என்றால் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. ஊருக்குப் போய், முன்னோருக்குப் படைத்து, சொந்தபந்தத்தோடு சாப்பிடுவது. சுக்ஜே என்றால் ஊராட்சியும் நகராட்சியும் தெருவில் நடத்தும் திருவிழா. மியொங்ஜொல் அன்று தெருவில் போய்க் கொண்டாட்டம் தேடினால் பூனைதான் கிடைக்கும்.

அறுவடைப் பண்டிகையான சுசொக், சந்திரப் புத்தாண்டான சொல்லால் இரண்டும்தான் பெரிய மியொங்ஜொல்கள். இரண்டுக்கும் மும்மூன்று நாள் விடுமுறை. தேதி சந்திரனைப் பார்த்து வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். சுசொக் 2025இல் அக்டோபர் 6, 2026இல் செப்டம்பர் 25. விடுமுறை ஞாயிறோடு மோதினால் மாற்று விடுமுறை கொடுத்துவிடுவார்கள். அதனால் புது நாள்காட்டி கைக்கு வந்ததும் இங்கே எல்லோரும் செய்யும் முதல் வேலை "சிவப்பு நாள்" எண்ணுவதுதான். நீங்களும் எண்ணிவிடுங்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் கிளாம்பாக்கம் எப்படி இருக்கும்? இங்கே நாடே அப்படி ஆகிவிடும். பண்டிகை ரயில் டிக்கெட்டுகளைச் சில வாரங்களுக்கு முன்பே தனியாகத் திறப்பார்கள். கண் இமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் கிடையாது, ஆனால் வண்டி நகர்ந்தால்தானே! ஊர் சுற்ற வேண்டும் என்றால் எதிர்த்திசை யோசனை நல்லது: சியோலிலேயே இருந்துவிடுங்கள். ஜனமே இல்லாத சியோலில் அரண்மனைகளுக்கு அந்த நாள்களில் நுழைவுக் கட்டணமும் இல்லை.

முந்தைய வாரமே அரிசி, பருப்பு, காய்கறி, மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்சல்கள் சில நாள் முன்பே தேங்க ஆரம்பித்துவிடும். விசா வேலை இருந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பண்டிகை நாளில் காய்ச்சல் வந்தால் 119ஐ அழைத்து எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்று கேட்கலாம். அவசரம் என்றால்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. சுற்றுலாத் தகவலுக்கு 1330, ஆங்கிலத்திலும் பேசுவார்கள்.

சுசொக்கின் பலகாரம் சொங்பியொன். பார்த்தவுடனே நமக்குப் புரிந்துவிடும்: அரிசி மாவைக் கையில் தட்டி, உள்ளே எள்ளோ பயறோ வைத்து, அரை நிலா போல மடித்து, பைன் ஊசியிலைகளைப் பரப்பி அவித்து எடுப்பார்கள். கொழுக்கட்டைதான். கடித்தால் தேங்காய்ப் பூரணத்துக்குப் பதில் எள்ளும் தேனும், கூடவே லேசான பைன் வாசம். சைவர்கள் பெரும்பாலும் பயமில்லாமல் சாப்பிடலாம். இன்னொன்று கவனித்தேன். பெரும்பாலான ஆண்டுகளில் நம் மஹாளய பட்சம் தொடங்குவதற்கு முந்தைய பௌர்ணமியில்தான் சுசொக் வருகிறது. அவர்கள் கல்லறைப் புல் வெட்டிப் படையல் போடுகிறார்கள், நாம் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம்.

கம்பெனியில் வேலை என்றால் பண்டிகைக்குப் பரிசுப் பெட்டி தருவார்கள். பட்டு வேட்டியை எதிர்பார்க்காதீர்கள். ஸ்பாம் பன்றி இறைச்சி டின், சூரை மீன் டின், சமையல் எண்ணெய், ஷாம்பு இப்படித்தான் இருக்கும். சைவமாக இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பாமைக் கொடுத்து எண்ணெய் வாங்கிக்கொள்ள எப்போதும் ஆள் கிடைப்பார்கள்.

சொல்லால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் புத்தாண்டு. யாராவது வீட்டுக்கு அழைத்தால் கட்டாயம் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள்; ஒரு பெட்டிப் பழம் போதும். பெரியவர்கள் முன் தரையில் மண்டியிட்டு வணங்குவது செபே. காலில் விழுந்து பழகிய நமக்கு இதில் கூச்சம் இருக்காது. ஆனால் ஒரு முறை மட்டுமே வணங்க வேண்டும். இரண்டு முறை வணங்குவது இறந்தவர்களுக்கு! நான் பக்தி முற்றி இரண்டாவது முறை குனியப் போக, பாட்டி "ஐயோ, நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று சிரித்துவிட்டார். வணங்கிய சின்னவர்களுக்குப் புதுப் பண நோட்டு கிடைக்கும். அப்புறம் தொக்குக், அதாவது அரிசிக் கேக் வில்லைகள் போட்ட சூப். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள். 2023 ஜூனிலிருந்து சட்டப்படி வயதுக்குப் பிறந்தநாள் கணக்குதான் என்றாலும் சூப் கணக்கை யாரும் விடவில்லை. அந்த சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேக வைத்த தண்ணீர்; சாப்பிடாதவர்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சைவர்களுக்கு நான் சொல்லும் நாள் புத்தர் பிறந்தநாள். நான்காம் சந்திர மாதத்தின் எட்டாம் நாள், பெரும்பாலும் மே மாதம். பல கோயில்களில் அன்று வருகிறவர்களுக்கெல்லாம் பிபிம்பாப், அதாவது காய்கறி கலந்த சோறு, இலவசம். கோயில் சமையலில் இறைச்சி மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட இல்லை. அதற்கு முன்பு நடக்கும் யொன்துங்ஹே விளக்கு ஊர்வலம் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சியோலின் தொங்தேமுன் பக்கமிருந்து ஜொங்நோ வீதி வழியாக ஆயிரக்கணக்கான காகித விளக்குகள் நடந்து வரும்போது, ஜொக்யேசா கோயில் பக்கம் போய் நின்று பாருங்கள்.

ஐந்தாம் சந்திர மாதத்தின் ஐந்தாம் நாளில் வருவது 'தானோ' என்ற பண்டிகை. விடுமுறை இல்லை, ஆனால் காங்நுங் நகரில் ஊரே கூடும்: முகமூடி நாடகம், ஊஞ்சல், மல்யுத்தம். பெண்கள் சாங்போ என்ற செடியை வேக வைத்த தண்ணீரில் தலை அலசுவது இந்த நாளின் வழக்கம். அதன் வாசம் எங்கோ பழகியதாக இருக்கிறதே என்று யோசித்துத் தேடினால், அது நம் வசம்பின் இனம்! பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே சரக்கு இங்கே கூந்தலுக்குப் போகிறது.

சுக்ஜேக்களை எண்ணி முடியாது. ஏப்ரல் வாக்கில் ஜின்ஹேயில் செர்ரிப் பூ. கூட்டத்தைப் பார்த்தால் பூ தெரியாது, வார நாளில் போங்கள். கோடையில் பொரியொங் கடற்கரையில் சேற்றுத் திருவிழா. அக்டோபரில் ஜின்ஜுவின் நாம் ஆற்றில் மிதக்கும் விளக்குகள்; 1592இல் ஜப்பான் படையெடுப்பின்போது அங்குள்ள கோட்டையில் நடந்த போரின் நினைவு அது. எந்தக் கூட்டத்திலும் குறுகிய சந்துக்குள் மாட்டிக்கொள்ளாதீர்கள். 2022 ஹாலோவீன் சமயத்தில் சியோலின் இதேவொன் பகுதிச் சந்து ஒன்றில் நெரிசலில் 159 பேர் இறந்தார்கள்.

ஆகஸ்ட் 15 இங்கேயும் விடுமுறை, 1945இல் ஜப்பானிடமிருந்து விடுதலை பெற்ற நாள். நம் சுதந்திர தினத்துக்கு லீவு கேட்க வேண்டியதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் கேட்க வேண்டும். அக்டோபர் 9 ஹங்குல் நாள். 1446இல் சேஜொங் மன்னர் வெளியிட்ட எழுத்துக்கு ஒரு பொது விடுமுறை! நடுவில் 1991இல் எடுத்துவிட்டு, 2013இல் மறுபடி கொடுத்தார்கள்.

நவம்பர் இறுதியில் கிம்ஜாங், குளிர்காலத்துக்குக் கிம்ச்சி (காரம் சேர்த்துப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) போடுவது. பக்கத்து வீட்டு அம்மா டப்பா நிறையக் கொடுப்பார். அதில் மீன் சாறோ இறால் உப்போ இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் காலியாகத் திருப்பித் தர மனம் வரவில்லை என்று நான் ஒரு தடவை அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கதவைத் தட்டி, இதைச் சோற்றோடு சாப்பிடுவதா, ராமியோன் நூடுல்ஸில் போடுவதா என்று கேட்டார். இப்போது ஒவ்வொரு நவம்பரும் அவரே காலி பாட்டிலோடு வருகிறார்.